‘நிர்வாகியின் அனுமதி தேவை’: பொதுக் கணினியில் அப்டேட் போடுவது பற்றி வாசகர் கேள்வி பதில்

பலர் பாவிக்கும் கணினியில் அப்டேட் போடப் போனால் கடவுச்சொல் கேட்டு நிற்கிறது என்று தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. சனசமூக நிலையம், பாடசாலை, ரியூட்டரி, கொமியூனிக்கேஷன் என்று இடம் மாறினாலும் சிக்கலின் வேர் ஒன்றுதான். ஒத்த கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறோம்; மெனுக்களின் பெயர் சிறிது மாறலாம்.

எங்கள் நிலையத்தில் ஐந்து கணினிகள். எதைப் போட்டாலும் கடவுச்சொல் கேட்டதால் எல்லாரும் பாவிக்கும் கணக்கையே நிர்வாகிக் கணக்காக மாற்றிவிட்டோம். இப்போது தொல்லை இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இது பிழை என்கிறார். யார் சொல்வது சரி?
*சனசமூக நிலையச் செயலாளர், சுன்னாகம்*

தம்பி சொல்வதுதான் சரி. புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் என்ற இரண்டு கோப்புறைகளும் விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பொதுப் பகுதியும் அந்தக் கணினியைத் தொடும் எல்லாருக்கும் பொதுவானவை. அங்கே எழுதத்தான் நிர்வாகி உரிமை கேட்கிறது. சாதாரணக் கணக்கில் இருப்பவர் தன் சொந்தக் கோப்புறைக்குள் மட்டும் எழுதலாம். யாரோ கொண்டுவந்த பென் ட்ரைவில் வைரஸ் இருந்தால், சாதாரணக் கணக்கில் அது பெரும்பாலும் அந்தக் கணக்கின் கோப்புகளோடு நின்றுவிடும். நிர்வாகிக் கணக்கில் ஒரு பிள்ளை யோசிக்காமல் ‘யெஸ்’ அழுத்தினால் போதும், கணினி முழுவதும் அதன் கைக்குப் போய்விடும்.

கடவுச்சொல் ஓயாமல் கேட்கும் என்ற பயம் வேண்டாம். விண்டோஸின் மாதாந்த அப்டேட்டை சிஸ்டம் சேவை ஒன்றே போடுகிறது. சாதாரணக் கணக்கில் இருப்பவரும் செட்டிங்ஸில் போய் அதைத் தொடக்கிவிடலாம், கடவுச்சொல் கேட்காது. டிஃபென்டரின் வைரஸ் பட்டியலும், எட்ஜ் உலாவியும், மைக்ரோசொஃப்ட் ஸ்டோரில் எடுத்த செயலிகளும் அப்படியே. முறையாக எல்லாருக்கும் பொதுவாக நிறுவிய குறோமும் அதில் அடங்கும். ஃபயர்ஃபொக்ஸோடு ‘மெயின்டனன்ஸ் சேர்விஸ்’ என்ற துணைச் சேவையும் நிறுவப்பட்டிருந்தால் அதுவும் கேட்காது. கேட்பவை லிப்ரெஒஃபிஸ், விஎல்சி, 7-ஸிப் போன்றவையும் பிறின்டர் டிறைவர்களும்தான். இவற்றுக்கு மாதம் ஒருமுறை ஒருவர் வந்து அரை நாள் இருந்தால் போதும்.

மாற்றும்போது ஒழுங்குதான் முக்கியம். முதலில் புதிய நிர்வாகிக் கணக்கைச் செய்யுங்கள், அதன் பிறகே பழையதைத் தரமிறக்குங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் ‘அட் அக்கவுண்ட்’ அழுத்துங்கள். மின்னஞ்சல் கேட்கும் பக்கத்தில், இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பையும், அடுத்த பக்கத்தில் மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் இணைப்பையும் தெரிவு செய்தால் அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்கு ஒன்று கிடைக்கும். அதன் பெயருக்குக் கீழே ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ என்பதில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். இப்போது வெளியேறி, புதிய கணக்கில் ஒருதடவை உள்ளே போய்ப் பாருங்கள். கடவுச்சொல் வேலை செய்கிறது, மேசைத்திரை வருகிறது என்று உறுதியான பிறகு அங்கிருந்தபடியே பழைய பொதுக் கணக்கை ‘ஸ்டான்டட் யூசர்’ ஆக மாற்றுங்கள். பரிசோதிக்காமல் தரமிறக்கினால், புதிய கணக்கின் கடவுச்சொல்லை ஒரு எழுத்துப் பிழையோடு அடித்திருந்தாலும் கணினிக்கு வெளியே நிற்க வேண்டிவரும்.

நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை வெறுமையாக விடாதீர்கள். வெறுமையாக இருந்தால் அனுமதிப் பெட்டி வரும்போது எதையும் அடிக்காமலே ‘யெஸ்’ கொடுத்துவிடலாம், இவ்வளவு வேலையும் வீண். மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்த மஞ்சள் துண்டும் அதே கதைதான்.

கனடாவில் இருக்கும் மகன், தூரத்தில் இருந்தே கணினியை இயக்கும் எனிடெஸ்க் மூலம் எங்கட ரியூட்டரிக் கணினிகளைப் பார்த்துத் தருகிறார். அப்டேட் போடத் தொடங்கினதும் அவருக்குத் திரை கறுத்துப் போகுது, ஒன்றும் செய்யேலாது என்கிறார். இணைப்புப் பிழையா?
*ரியூட்டரி நடத்துநர், மானிப்பாய்*

இணைப்பில் பிழையில்லை. அனுமதிப் பெட்டி வரும்போது திரை மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்நேரம் விண்டோஸ் தனியான ஒரு பாதுகாப்புத் திரைக்கு மாறுகிறது. சாதாரண உரிமையோடு ஓடும் எந்த நிரலும் அதைப் பார்க்கவோ அதில் அழுத்தவோ முடியாது. போலி நிரல் ஒன்று தானே ‘யெஸ்’ அழுத்திவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எனிடெஸ்க்கைத் தரவிறக்கி நிறுவாமல் அப்படியே ஓடவிட்டிருந்தால் அதுவும் சாதாரண நிரல்தான், ஆகவே மகனுக்குக் கறுப்புத் திரை. விண்டோஸோடு வரும் குவிக் அசிஸ்ட் என்ற தொலை உதவி நிரலிலும் இதே தடை உண்டு.

வழி இரண்டு. எனிடெஸ்க்கை நிர்வாகிக் கடவுச்சொல் கொடுத்து முறையாக நிறுவினால் அது சேவையாக ஓடும்; அனுமதிப் பெட்டி மகனுக்கும் தெரியும். நிறுவ விருப்பமில்லை என்றால், அவர் தன் பக்க மெனுவில் உரிமை உயர்த்தக் கோரும் தெரிவை அழுத்தட்டும். உங்கள் பக்கத்தில் பெட்டி வரும்போது கடவுச்சொல்லை நீங்கள் அடியுங்கள். நிறுவும் வழியில் போனால் ஆளில்லா நேரத்தில் இணையும் வசதிக்கு நீண்ட கடவுச்சொல் வையுங்கள், தேவையில்லை என்றால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

அனுமதிப் பெட்டிக்கான வழுக்கியை (ஸ்லைடரை) கீழே இழுத்துவிட்டால் தொல்லை போய்விடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். போய்விடும், பாதுகாப்புத் திரையும் சேர்ந்து போய்விடும். மாணவர் கூடும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

குறோம் நிறுவக் கடவுச்சொல் கேட்டது. ‘நோ’ அழுத்தினேன். அப்படியும் நிறுவிக்கொண்டது! பிறகு ஒரு கணக்கில் புதிய பதிப்பும் இன்னொரு கணக்கில் பழையதும் ஓடுகின்றன.
*கொமியூனிக்கேஷன் பணியாளர், சாவகச்சேரி*

குறோமின் நிறுவி முதலில் எல்லாருக்குமாகப் போட அனுமதி கேட்கும். மறுத்தால், உரிமை இல்லாமலே அந்த ஒரு கணக்குக்கு மட்டும் போட்டுத்தரட்டுமா என்று கேட்டு, பயனாளரின் சொந்தக் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. இப்படி மூன்று பேர் மூன்று கணக்கில் செய்தால் ஒரே கணினியில் மூன்று குறோம். ஒவ்வொன்றும் பல நூறு மெகாபைட் இடம் பிடிக்கும், ஒவ்வொன்றும் தனித்தனியே தரவிறக்கும். 128 ஜீபி டிஸ்க் உள்ள கணினியில் இது விரைவிலேயே சுடும். ஒரு கணக்கில் ஆள் உள்ளே வராத காலம் முழுவதும் அந்தக் கணக்கின் குறோம் பழையதாகவே கிடக்கும். நீங்கள் கண்ட வேறுபாட்டுக்கு அதுதான் காரணம்.

எது எந்த வகை என்று அறிய, குறோம் சின்னத்தில் வலது சொடுக்கு, ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’. வருவது குறுக்குவழி என்றால் அதன்மேல் இன்னொரு தடவை. முகவரி புரோகிராம் ஃபைல்ஸில் இருந்தால் பொதுவானது. யூசர்ஸ் என்று தொடங்கி அப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் போனால் ஒருவருக்கானது. தனிப் பிரதியை அந்தந்தக் கணக்கில் இருந்தே நீக்குங்கள், கடவுச்சொல் கேட்காது. நீக்கும்போது உலாவல் தரவையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் சரி அடையாளம் இடவேண்டாம். பிறகு நிர்வாகிக் கணக்கில் ஒரு தடவை நிறுவினால் முடிந்தது.

ஸூம், விஷுவல் ஸ்டூடியோ கோட், பைதன் மூன்றும் இதே பழக்கம் உள்ளவை. உயர்தர மாணவர்களுக்குப் பைதன் போடுபவர்கள் கவனிக்க: பலகாலமாக வரும் வழமையான நிறுவியில் ‘இன்ஸ்டோல் நவ்’ அழுத்தினால் அது ஒருவருக்கு மட்டும். ‘கஸ்டமைஸ்’ வழியாகப் போய் எல்லாருக்கும் என்ற கட்டத்தில் அடையாளம் இட்டால்தான் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போகும். அடுத்த மாணவரின் கணக்கிலும் கிடைக்கும்.

வரவேற்பு மேசைக் கணினியில் பிறின்டர் பூட்டியிருக்கிறது. மற்ற நாலு கணினியிலும் வலையமைப்பு மூலம் அதைச் சேர்க்கப் போனால் டிறைவர் நிறுவ நிர்வாகி அனுமதி கேட்கிறது. சில வருடங்களுக்கு முன் இப்படிக் கேட்டதே இல்லை.
*அச்சக உரிமையாளர், கொக்குவில்*

உங்கள் நினைவு சரி. 2021 ஜூலையில் விண்டோஸின் அச்சு சேவையில் ‘பிறின்ட்நைட்மெயர்’ என்று பெயர்பெற்ற ஓட்டை வெளிவந்தது. பிறின்டர் டிறைவர் என்ற போர்வையில் எதையும் முழு உரிமையோடு ஓடவிட அது இடம் கொடுத்தது. அதன் பிறகு 2021 ஓகஸ்ட் 10 அன்று வந்த அப்டேட்டில் இருந்து, பகிர்ந்த பிறின்டரின் டிறைவரை நிறுவ நிர்வாகி உரிமை கட்டாயம். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி இதை அணைக்கலாம் என்று காணொளிகள் உண்டு. அணைத்தால் அந்த ஓட்டையும் திறந்துகொள்ளும்.

பகிர்ந்த பிறின்டர் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே சேர்க்கப்படுவது. நிர்வாகி தன் கணக்கில் சேர்த்துவிட்டு எழும்பினால் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் டிறைவர் கணினி முழுவதற்கும் பொது. ஆகவே நாலு கணினியிலும் நிர்வாகி ஒருதடவை, வரவேற்பு மேசையில் உள்ள அதே பதிப்பு டிறைவரை நிறுவட்டும். பிறகு சாதாரணக் கணக்கில் பிறின்டரைச் சேர்க்கும்போது கேட்காது. வரவேற்பு மேசையில் மட்டும் டிறைவரைப் புதுப்பித்தால் பதிப்பு பொருந்தாமல் போய் மற்ற நாலும் மீண்டும் கேட்கத் தொடங்கும். அப்டேட் போட்டதும் பிறின்டர் குழம்பிவிட்டது என்று வரும் முறைப்பாடுகளில் இதையே முதலில் பாருங்கள்.

பிறின்டரில் வைஃபையோ கேபிள் துளையோ இருந்தால் அதைவிட நல்ல வழி உண்டு. கணினி மூலம் பகிராமல், ஒவ்வொரு கணினியிலும் நிர்வாகிக் கணக்கில் பிறின்டரின் ஐபி முகவரியைக் கொடுத்து டீசிபி/ஐபி போர்ட் ஆகச் சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்த்தது எல்லாக் கணக்குக்கும் தெரியும், வரவேற்பு மேசைக் கணினி ஓடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரவுட்டரில் அந்தப் பிறின்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்க மறக்காதீர்கள். ஒதுக்காவிட்டால் கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் வேறு முகவரி கொடுக்கும், நாலு கணினியும் ‘ஓஃப்லைன்’ என்று சொல்லும்.

இணையப் பக்கத்தில் ‘உங்கள் ஃபிளாஷ் பிளேயர் காலாவதியாகிவிட்டது, அப்டேட் செய்க’ என்று வந்தது. அழுத்தியதும் அனுமதிப் பெட்டியும் வந்தது. கொடுக்கலாமா?
*மாணவி, பருத்தித்துறை*

கொடுக்காதீர்கள். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. அதற்கு அப்டேட் என்று ஒன்று இல்லை. பொதுவாகவே, இணையப் பக்கம் ஒன்று அப்டேட் கேட்டால் நம்பவேண்டாம். உண்மையான அப்டேட் அந்த மென்பொருளின் உள்ளேயிருந்து வரும். அனுமதிப் பெட்டியின் நிறத்தையும் பாருங்கள். கையொப்பமிட்ட நிரலுக்கு நீலத் தலைப்பும் வெளியீட்டாளரின் பெயரும் வரும். மஞ்சள் நிறத்தில் ‘அன்னோன்’ என்றிருந்தால் யாருடையது என்று விண்டோஸுக்கே தெரியாது. நீலம் என்பதால் மட்டும் நல்லது என்றும் இல்லை. நீங்கள் தொடக்கிய வேலையும் பெட்டியில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்தே கடவுச்சொல் அடிக்க வேண்டும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் இருபது கணினிகள். மாணவர் குழப்பாமல் இருக்க, ஒவ்வொரு றீஸ்டார்ட்டிலும் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் டீப் ஃப்றீஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறோம். அப்டேட் போட்டாலும் மறுநாள் பழையபடி. இணைய டேட்டாவும் மாதம் முடியமுதல் தீர்ந்துவிடுகிறது. அப்டேட்டை முழுதாக நிறுத்திவிடலாமா?
*தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியை, கரவெட்டி*

நிறுத்தவேண்டாம். இந்த இரண்டு தொல்லையும் ஒன்றில் இருந்து ஒன்று வருபவை. டீப் ஃப்றீஸின் உறைநிலையில் உள்ள கணினி, இயங்கும் நேரத்தில் அப்டேட்டைத் தரவிறக்கும். அணைத்ததும் எல்லாம் அழியும். மறுநாள் அதே அப்டேட்டை மீண்டும் தரவிறக்கும். அமைப்பில் இதைத் தடுக்காவிட்டால் இருபது கணினியும் ஒவ்வொரு நாளும் இதையே செய்துகொண்டிருக்கும். டேட்டா போகும் வழி பெரும்பாலும் இதுதான்.

மாதத்தில் ஒரு நாளைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். மைக்ரோசொஃப்ட் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட்டை மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணி என்பதால் எங்களுக்கு அது இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகும். ஆகவே புதன்கிழமை வெளியாகிவிட்டது என்று கொள்ளலாம். அந்த வார இறுதியோ அடுத்ததோ நல்ல நாள். முதலில் ஒரேயொரு கணினியில் போட்டு, இரண்டு மூன்று நாள் வகுப்பு நடக்கட்டும். பிறகு மற்ற பத்தொன்பதிலும். ஒன்றாக எல்லாவற்றிலும் போட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு கோப்பு உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் ஆள் போய்க் கையால் திருத்தினார்கள்.

அதற்காகக் கனகாலம் தள்ளிப்போடவும் கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வொனாகிரை வைரஸ் பரவியது 2017 மே 12 இல். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 இலேயே வந்துவிட்டது. இடையில் இருந்த இரண்டு மாதத்தில் போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள்.

பராமரிப்பு நாளில் செய்முறை இது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள கரடிச் சின்னத்தை இருதடவை சொடுக்கினால் டீப் ஃப்றீஸின் கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தை மட்டும் உருகுநிலைக்கு (மாற்றங்கள் அழியாமல் நிற்கும் நிலைக்கு) மாற்றவேண்டாம். நீங்களாக மாற்றும்வரை உருகுநிலையிலேயே இருக்கும் தெரிவைக் கொடுங்கள். ஏனென்றால் விண்டோஸ் அப்டேட்டின் ஒரு பகுதி கணினி அணையும்போதும் மறு பகுதி திரும்பத் தொடங்கும்போதும் நடக்கிறது. சிலது இரண்டு தடவை றீஸ்டார்ட் கேட்கும். முதலாவது றீஸ்டார்ட்டோடு உறைந்துவிட்டால், பாதி முடிந்த நிலையே நிரந்தரமாகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் ‘அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்’ என்ற திரையிலேயே முதலாம் பாடவேளை போகும். அந்த நிலைக்கு வந்த கணினியை மீண்டும் உருக்கி, அப்டேட்டை முழுதாக முடியவிட்டால் சரியாகும்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் எல்லாம் புதிது என்று பச்சை அடையாளம் காட்டும்வரை சோதித்து, றீஸ்டார்ட் செய்து, மீண்டும் சோதியுங்கள். நிர்வாகிக் கணக்கில் இருக்கும் அந்த நேரத்திலேயே லிப்ரெஒஃபிஸ், பைதன், பிறின்டர் டிறைவர் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். கடைசியாக உறைநிலைக்குத் திருப்பி, கரடிச் சின்னத்தில் சிவப்புச் சிலுவை இல்லை என்று பாருங்கள். சிலுவை இருந்தால் இன்னும் உருகுநிலைதான்.

டேட்டாவைச் சேமிக்க, விண்டோஸ் அப்டேட்டின் மேலதிகத் தெரிவுகளில் ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ இருக்கிறது. மற்றக் கணினிகளில் இருந்து பெற அனுமதித்து, ‘உள்ளூர் வலையமைப்பில் உள்ளவை மட்டும்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இணையத்தில் உள்ளவற்றையும் சேர்க்கும் தெரிவைக் கொடுத்தால் உங்கள் டேட்டா வெளியாருக்குப் போகும். முதற்கணினி முழுதாகத் தரவிறக்கி முடித்தபின் அதை ஓடவிட்டபடியே மற்றவற்றைத் தொடக்கினால், பெரும்பகுதி கேபிள் வழியாக அதிலிருந்து வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடக்கினால் ஒவ்வொன்றும் இணையத்தையே தேடி ஓடும். 4 ஜீபிக்குக் குறைந்த நினைவகம் உள்ள கணினி இந்தப் பகிர்வில் சேராது.

கரண்டுக்கும் ஒரு வார்த்தை. யூபிஎஸ் ஒரு கணினியைச் சில நிமிடம்தான் தாங்கும், அப்டேட் முடியும்வரை தாங்காது. மின்தடை அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். இடையில் கரண்ட் போனால், வந்தபின் விண்டோஸ் தானாகவே மாற்றங்களைத் திருப்பி எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு ஒரு மணித்தியாலமும் செல்லலாம். பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்துவதால்தான் அதிக கணினிகள் கெடுகின்றன.

நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்தவர் வெளிநாடு போய்விட்டார். அவருக்கும் இப்போது நினைவில்லையாம். என்ன வழி?
*வாசிகசாலைப் பொறுப்பாளர், வேலணை*

வேறு நிர்வாகிக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலவேளை விற்றவரே ஒன்றை விட்டுவைத்திருப்பார். கடவுச்சொல் மறந்துபோன கணக்கு மைக்ரோசொஃப்ட் கணக்கு என்றால், வெளிநாடு போனவர் எங்கிருந்தாலும் இணையத்தில் கடவுச்சொல்லை மாற்றலாம். மாற்றியபின் கணினியை இணையத்தோடு இணைத்து உள்ளே போகவேண்டும். உள்ளூர்க் கணக்கு என்றால் ஒருதடவை பிழையாக அடித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கேள்விகள் வைத்திருந்தால் மீட்கும் இணைப்பு கீழே தோன்றும். அவர் படித்த பாடசாலையும் முதல் வளர்த்த நாயும் தொலைபேசியில் கேட்டறியக் கூடியவைதானே.

இவை ஒன்றும் இல்லை என்றால் பென் ட்ரைவில் இருந்து தொடக்கிக் கடவுச்சொல்லை உடைத்துத் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். சில கணினிகளில் முடியும். ஆனால் அப்படிப் பலவந்தமாக மாற்றினால் அந்தக் கணக்கில் உலாவி சேமித்த கடவுச்சொற்களும், விண்டோஸ் குறியாக்கிய கோப்புகளும் திறக்காமல் போகலாம். டிஸ்க் முழுவதையும் குறியாக்கும் பிட்லொக்கர் பூட்டு உள்ள கணினியில் மீட்புச் சாவி இல்லாமல் அது முடியவே முடியாது. சுத்தமான வழி: ஒவ்வொரு சாதாரணக் கணக்கிலும் உள்ளே போய் அவரவர் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுங்கள். பிறகு நுழைவுத் திரையில் ஷிஃப்டை அழுத்தியபடி றீஸ்டார்ட் கொடுத்து, ‘ட்ரபிள்ஷூட்’ வழியாக எல்லாவற்றையும் அழித்து மீளமைக்கும் தெரிவுக்குப் போங்கள். கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவு அதே நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும்.

இனிமேல் கடவுச்சொல்லை எழுதி, உறையில் ஒட்டி, செயலாளரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றும் இருக்கட்டும். பொதுக்கூட்டத்தில் நிர்வாகசபை மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு உறையையும் கைமாற்றி, அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஐரோப்பாவில் உள்ள பழைய மாணவர்கள் நல்ல லப்டொப்கள் அனுப்பினார்கள். முழுதாக அழித்து விண்டோஸ் போட்டாலும், இணையம் கிடைத்ததும் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு அந்த நிறுவன மின்னஞ்சல் கேட்கிறது.
*பழைய மாணவர் சங்கம், யாழ்ப்பாணம்*

அவை முன்பிருந்த நிறுவனத்தின் ஓட்டோபைலட் பட்டியலில், அதாவது நிறுவனங்கள் தங்கள் கணினிகளைப் பதிந்துவைக்கும் மைக்ரோசொஃப்ட் பட்டியலில், இன்னும் இருக்கின்றன. அந்தப் பட்டியல் டிஸ்க்கில் இல்லை, மைக்ரோசொஃப்டின் சேவையகத்தில் இருக்கிறது. கணினியின் வன்பொருள் அடையாளத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது. எத்தனை தடவை அழித்தாலும் அது மாறாது. இணையம் இல்லாமல் நிறுவி ஏமாற்றுபவர்கள் உண்டு. அடுத்த மீளமைப்பில் மீண்டும் அதே திரை வரும். சரியான தீர்வு ஒன்றுதான்: அனுப்பியவர்கள் மூலம் அந்த நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு லப்டொப்பின் தொடர் இலக்கத்தைக் கொடுத்து, பட்டியலில் இருந்து நீக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது சில நிமிட வேலை. விண்டோஸ் வருமுன்பே கேட்கும் பயோஸ் கடவுச்சொல் இருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடுத்த பொதி அனுப்பமுதல், அங்கேயே ஒருதடவை மீளமைத்து இணையத்தோடு இணைத்துப் பார்க்கச் சொன்னால் கப்பல் கூலியும் மிச்சம்.

பாமினி எழுத்துருவை நிறுவினேன். என் கணக்கில் வேர்டில் தெரிகிறது. தம்பியின் கணக்கில் கட்டம் கட்டமாகவும் ஆங்கில எழுத்தாகவும் வருகிறது. பழைய வடிவமைப்பு மென்பொருளில் என் கணக்கிலும் இல்லை.
*தட்டச்சாளர், நல்லூர்*

2018 இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து சாதாரணக் கணக்கிலும் எழுத்துரு நிறுவலாம், ஆனால் அது அந்தக் கணக்குக்கு மட்டும். பழைய மென்பொருள்கள் சில விண்டோஸின் பொது எழுத்துருக் கோப்புறையை மட்டுமே பார்ப்பதால் அவற்றுக்கு அது தெரியாது. இப்போது உள்ளதை நீக்கிவிட்டு, எழுத்துருக் கோப்பில் வலது சொடுக்கி ‘இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ்’ கொடுங்கள். விண்டோஸ் 11 என்றால் ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கும். கடவுச்சொல் ஒருதடவை கேட்கும், பிறகு எல்லாக் கணக்கிலும் எல்லா மென்பொருளிலும் வரும். மென்பொருள் திறந்திருந்தால் மூடித் திறவுங்கள்.

யுனிகோட்டில் தட்டச்சு செய்ய இந்தப் பாடு ஒன்றும் இல்லை. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் 2019 மே மாதப் பதிப்பில் இருந்து விண்டோஸோடே வருகின்றன. மொழிப் பக்கத்தில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தெரிவு செய்தால் போதும், நிர்வாகியைத் தேடவேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியே சேர்க்க வேண்டியிருக்கும்.